வீடியோ எக்ஸ்டெண்டர், ரெசல்யூஷன், ஈடிஐடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரோ பிளேயரோ ஓர் இடத்தில், திரை பல மீட்டர் தள்ளி வேறோர் இடத்தில். நடுவில் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் என்று இரண்டு பெட்டிகள், ஒரு நீளமான கேபிள். படம் வருகிறது, ஆனால் வர வேண்டிய அளவில் வரவில்லை. அல்லது வரவே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் எழும் கேள்விகளும் பதில்களும் இவை. படத்தை அனுப்பும் கருவியைச் சுருக்கமாக 'சோர்ஸ்' என்கிறோம்.

எக்ஸ்டெண்டரைப் போட்டதும் ரெசல்யூஷன் 1024×768க்கு இறங்கிவிட்டது. கேபிள்தானே நீண்டது, படம் ஏன் சுருங்குகிறது?

ரெசல்யூஷனை முடிவு செய்வது சோர்ஸ்தான். "உன்னால் எதையெல்லாம் காட்ட முடியும்?" என்று அது திரையிடம் கேட்கிறது. திரை ஒரு சிறு பட்டியலைத் தருகிறது. ஈடிஐடி என்பது இந்தப் பட்டியல்தான். பட்டியல் கைக்கு வராவிட்டாலோ, கிழிந்த கடிதம்போல் பாதி வந்தாலோ, சோர்ஸ் ஆபத்தில்லாத ஓர் அளவுக்கு ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸில் அது வழக்கமாக 1024×768. மற்ற கருவிகளில் 640×480, 800×600 என்று மாறும். ஆகவே திடீரென்று 1024×768 வந்தால், படம் போகும் பாதையைச் சந்தேகிப்பதற்கு முன் பட்டியல் வரும் பாதையைப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் என்னதான் இருக்கிறது?

அடிப்படைத் துண்டு 128 பைட். முதல் 8 பைட் எல்லாத் திரைகளிலும் ஒன்றே: ஒரு சுழியம், ஆறு 255, மறுபடி ஒரு சுழியம். அடுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்து, மாடல் எண், தயாரித்த ஆண்டு, சென்டிமீட்டரில் திரையின் அகலமும் உயரமும். பிறகு 18 பைட் கொண்ட நான்கு இடங்கள். இவற்றில் முதலாவது, "இந்த அளவில் அனுப்பினால்தான் நான் நன்றாகக் காட்டுவேன்" என்று திரை சொல்லும் விருப்ப ரெசல்யூஷன். 127ஆம் பைட், பின்னால் இன்னும் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்கிறது. கடைசி பைட் சரிபார்ப்பு எண்: 128 பைட்டையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி சுழியமாக இருக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ திரைகளில் இன்னொரு 128 பைட் சேரும். ஒலி வகைகள், 4கே, எச்டிஆர் எனும் கூடுதல் ஒளி வீச்சு, நிற முறைகள் எல்லாம் அதில்தான் உள்ளன. புதிய டிவிகள் சிலவற்றில் மொத்தம் மூன்று, நான்கு துண்டுகள்கூட உண்டு. பழைய எக்ஸ்டெண்டர்களில் பல 256 பைட் வரைதான் நினைவில் வைக்கும். மீதி வெட்டுப்பட்டுப் போகும்; "இன்னும் இரண்டு துண்டு இருக்கிறது" என்ற குறிப்பு மட்டும் அப்படியே நிற்கும். சோர்ஸ் தேடும், கிடைக்காது. சில சோர்ஸ்கள் வந்தவரை போதும் என்று போய்விடும், சில மொத்தத்தையும் தூக்கி எறியும். ஒரே எக்ஸ்டெண்டரில் லேப்டாப் வேலை செய்து பிளேயர் மட்டும் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம். சரிபார்ப்பு எண் தவறாக இருப்பது இன்னொரு காரணம்: சில சோர்ஸ்கள் அதைக் கவனிக்கும், சில கண்டுகொள்ளாது.

பட்டியல் எந்தக் கம்பியில் வருகிறது? படம் பழுதில்லாமல் வரும்போது அது மட்டும் எப்படிக் கெடும்?

எச்டிஎம்ஐயில் 15, 16ஆம் பின்கள். டிடிசி என்று பெயர். 18ஆம் பின்னில் சோர்ஸ் 5 வோல்ட் தருகிறது, 19ஆம் பின்னில் திரை "நான் இருக்கிறேன்" என்று கையைத் தூக்குகிறது. அதுதான் ஹாட் பிளக். இந்த நான்கில் எது அறுந்தாலும் பட்டியல் வராது.

டிடிசி ஓடும் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ்தான். வேகம் இவ்வளவு குறைவு என்பதால் எவ்வளவு தூரமும் தாங்கும் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. அந்தக் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்கத்தான் ஆள் உண்டு, உயர்நிலைக்கு ஏற்றுவது ஒரு ரெசிஸ்டர் மட்டுமே. கேபிள் நீள நீள அதன் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) கூடும், மின்னழுத்தம் மெதுவாக ஏறும், ஒரு பிட் முடியும் நேரத்துக்குள் மேலே வந்து சேராது. எச்டிஎம்ஐ விதிப்படி கேபிளுக்கு அனுமதி 700 பிகோஃபாரட். நல்ல எக்ஸ்டெண்டர் இந்த சிக்னலை டிஜிட்டல் தகவலாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் புதிதாக உருவாக்கும். இரண்டு கேட் 6 நெட்வொர்க் கேபிள் கேட்கும் மலிவு எக்ஸ்டெண்டர்கள் அப்படிச் செய்வதில்லை: ஒரு கேபிளில் படம், மற்றதில் டிடிசி அப்படியே. இவற்றில் படம் போகும் தூரத்துக்கு முன்பே டிடிசி மூச்சுவாங்கி நின்றுவிடும். இரண்டு கேபிளையும் ஒரு முனையில் மாற்றிச் செருகியதால் வந்த கறுப்புத் திரைகளும் ஏராளம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்டெண்டர் இந்தப் பட்டியலை என்ன செய்கிறது?

பெட்டிக்குப் பெட்டி மாறும். வழக்கத்தில் உள்ளவை நான்கு.

நேரடி முறையில், ரிசீவரில் மாட்டிய திரையின் பட்டியல் அப்படியே சோர்ஸுக்குப் போகும். நகல் முறையில், ஒரு திரையின் பட்டியலைப் படித்து டிரான்ஸ்மிட்டர் தன் நினைவில் எழுதிக்கொள்ளும்; பிறகு திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோர்ஸுக்குக் கிடைப்பது அந்த நகல்தான். நிலை முறையில், தயாரிப்பாளர் ஏற்கெனவே எழுதிவைத்த பட்டியல்களில் ஒன்றை டிப் சுவிட்ச் எனும் குட்டி சுவிட்சுகளால் தேர்ந்தெடுக்கிறோம்: '1080பி, இரண்டு சேனல் ஒலி' என்பதுபோல. நான்காவது, திரையின் பட்டியலை எடுத்து, தன்னால் சுமக்க முடியாதவற்றை அடித்துவிட்டு, மீதியைக் கொடுக்கும் முறை.

நான்காவதுதான் எக்ஸ்டெண்டர் செய்ய வேண்டிய உண்மையான வேலை. திரையின் பட்டியல் திரையின் திறனைச் சொல்கிறதே தவிர, நடுவில் உள்ள பாதையின் திறனை அதற்குத் தெரியாது. பாதையைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் எக்ஸ்டெண்டர். அது வாயை மூடிக்கொண்டு திரையின் பட்டியலை அப்படியே கடத்தினால், சோர்ஸ் பாதைக்குத் தாங்காத சிக்னலை நல்லெண்ணத்தோடு அனுப்பும். வாங்கும் முன் கையேட்டில் தேட வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

எந்த முறையில் வைப்பது நல்லது?

ஒரு சோர்ஸ், ஒரு திரை, இரண்டும் மாறப்போவதில்லை என்றால் நகல் முறை. திரையை அடிக்கடி மாற்றும் அரங்கம் என்றால் 1080பி நிலை முறை. பெரும்பாலான திரைகள் அதைக் காட்டும். நேரடி முறை மேசை மேல் சோதிக்க ஏற்றது. நிரந்தரமாகப் பொருத்திய இடத்தில் அது தினம் ஒரு முகம் காட்டும், ஏனென்றால் எந்தக் கருவி முதலில் ஆன் ஆனது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். வேறு வழியில்லாமல் நேரடி முறையில் வைத்தால், ஆன் செய்யும் வரிசை இது: திரை, ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், கடைசியில் சோர்ஸ்.

நகலை எப்படி எடுப்பது?

கையேட்டில் பட்டனின் பெயர் வேறாக இருக்கலாம், படிகள் ஏறக்குறைய இவைதான்.

1. திரையை ஆன் செய்து, வேண்டிய எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் வேறு வேறு பட்டியல் தரும். 4கே 60, அதாவது விநாடிக்கு 60 படம், ஒரு போர்ட்டில் மட்டும் இருக்கலாம்.
2. திரையை 2 மீட்டருக்கு மிகாத கேபிளில், டிரான்ஸ்மிட்டரின் லோக்கல் அவுட்புட்டில் மாட்டுங்கள். அந்த போர்ட் இல்லாத மாடலில் ரிசீவர் வழியாகத்தான் படிக்க முடியும்.
3. ஈடிஐடி பட்டனை, விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள்.
4. விளக்கு நிலைத்ததும் சோர்ஸின் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பட்டியல் மாறிவிட்டது என்று சோர்ஸுக்குத் தெரிய ஹாட் பிளக் குறைந்தது 100 மில்லிசெகண்ட் இறங்கி ஏற வேண்டும். சில பெட்டிகள் இதைத் தாமாகச் செய்வதில்லை.

டிப் சுவிட்ச் உள்ள மாடல்களில் இன்னொரு வலை இருக்கிறது. பலவும் சுவிட்சின் நிலையை ஆன் ஆகும்போது மட்டுமே படிக்கும். சுவிட்சைத் தள்ளிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று அரை மணி நேரம் உட்காராமல், அடாப்டரைப் பிடுங்கி மாட்டுங்கள்.

திரையும் 4கே, எக்ஸ்டெண்டர் பெட்டியிலும் '4கே' என்று அச்சிட்டிருக்கிறது. படம் மட்டும் கறுப்பு. ஏன்?

4கே என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு மடங்கு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1080பி 60க்கு பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் போகும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ கம்பியில் 4.46 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு கிகாபிட்). 4கே 30க்கு 297 மெகாஹெர்ட்ஸ், 8.91 ஜிபிபிஎஸ். 4கே 60, நிறத்தைக் குறைக்காத 4:4:4 என்றால் 594 மெகாஹெர்ட்ஸ், 17.82 ஜிபிபிஎஸ்.

எச்டிஎம்ஐயை ஒரே நெட்வொர்க் கேபிளில் கொண்டுபோகும் எச்டிபேஸ்டி முறையின் முதல் இரண்டு தலைமுறைகளும், எச்டிஎம்ஐ 1.4 வரை தாங்கும் மற்ற பெட்டிகளும் 10.2 ஜிபிபிஎஸ் வரைதான். ஆகவே அவற்றின் '4கே' என்பது 4கே 30. அல்லது நிறத் தகவலைக் கால்வாசியாக்கிய 4:2:0 முறையில் 4கே 60, அதுவும் 8.91 ஜிபிபிஎஸ்தான். திரைப்படத்துக்கு 4:2:0 போதும். கம்ப்யூட்டர் திரைக்குப் போட்டால் சிவப்பு, நீல நிறச் சிற்றெழுத்துகளின் ஓரம் கசிந்து தெரியும். எச்டிபேஸ்டி 3.0 பெட்டிகள் 4கே 60 4:4:4ஐச் சுருக்காமலே கொண்டுபோகும்.

10.2 பெட்டி நேரடி முறையில் இருந்தால் நடப்பது இதுதான்: டிவி 4கே 60 என்கிறது, எக்ஸ்டெண்டர் அதை அப்படியே சொல்கிறது, சோர்ஸ் 594 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது, டிரான்ஸ்மிட்டருக்குப் புரியவில்லை. சோர்ஸின் அமைப்பில் 30 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்ததும் படம் வந்தால் நோய் உறுதி. மருந்து, டிரான்ஸ்மிட்டரை 4கே 30 நிலை முறைக்கு மாற்றுவது.

18 ஜிபிபிஎஸ் பெட்டியிலும் கறுப்பு வரலாம். 340 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால், சோர்ஸும் திரையும் டிடிசி கம்பி வழியாகவே கிளாக் விகிதத்தையும், பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் ஸ்கிராம்பிளிங்கையும் பேசி முடிக்க வேண்டும். எஸ்சிடிசி என்ற அந்தப் பேச்சுக்கு ஈடிஐடியிலிருந்து வேறான ஒரு முகவரி உண்டு. நடுவில் உள்ள ஏதாவது பழைய ஸ்பிளிட்டரோ அடாப்டரோ ஈடிஐடியை மட்டும் கடத்தி இதை விட்டுவிட்டால், 4கே 30 வரும், 60 வராது.

எச்டிஆர் போகுமா?

4கே 24ல் போகும்: 12 பிட் 4:2:2 (நிறத் தகவல் பாதி) கூட 297 மெகாஹெர்ட்ஸில் அடங்கிவிடும். 4கே 60ல் 10 பிட் 4:2:0க்கே 11.14 ஜிபிபிஎஸ் தேவை, 10.2 பாதையில் இடமில்லை. படம் பார்க்கும்போது எச்டிஆர் வருகிறது, மெனுவுக்குத் திரும்பினால் இருள்கிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதே கணக்குதான் இருக்கும்: படம் 24, மெனு 60.

என் மானிட்டர் 1920×1200. எக்ஸ்டெண்டர் 1080பிக்கு மேல் ஏறவில்லை.

நிலை முறையில் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே எழுதிவைத்த பட்டியலில் 1200 இல்லை. நகல் முறைக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் டைமிங்கைப் பாருங்கள். 1920×1200 60ஐ, வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் வெற்று நேரத்தைக் குறைத்து அனுப்பினால் 154 மெகாஹெர்ட்ஸ், பழைய முறையில் 193.25. எச்டிஎம்ஐக்கு முந்தைய, படத்துக்கான இணைப்பு முறையான டிவிஐயில் ஒற்றை இணைப்பின் எல்லை 165. முதலாவது நுழையும், இரண்டாவது முட்டிக்கொள்ளும்.

1366×768 டிவிகள் தனி வகை வம்பு. பட்டியலின் சுருக்க வடிவத்தில் அகலம் 8ஆல் வகுபட வேண்டும்; 1366 வகுபடாது. அதனால் 1360 என்றோ 1280×720 என்றோ சொல்லிச் சமாளிக்கும் டிவிகள் நிறைய. எழுத்து லேசாக மங்கினால் எக்ஸ்டெண்டர் மேல் பழி இல்லை.

ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு மூன்று ரிசீவர், மூன்று வேறு திரைகள். எந்தத் திரையின் பட்டியல் போகும்?

சோர்ஸ் அனுப்புவது ஒரே சிக்னல். ஆகவே பட்டியலும் ஒன்றுதான் இருக்க முடியும். சில பெட்டிகள் முதல் போர்ட்டின் திரையை மட்டும் கேட்கும், சில மூன்றுக்கும் பொதுவானதை எடுக்கும். பொதுவானதை எடுத்தால், மூலையில் கிடக்கும் ஒரு 720பி திரை மற்ற இரண்டு 4கே டிவிகளையும் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

நெட்வொர்க் சுவிட்ச் வழியாகப் போகும், படத்தைச் சுருக்கி அனுப்பும் வகைகளில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே டிரான்ஸ்மிட்டர் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஸ்கேலர் உள்ள ரிசீவர், தன்னிடம் மாட்டிய திரையின் பட்டியலைத் தானே படித்து, அதற்கேற்றபடி படத்தை அளவு மாற்றித் தரும். திரைகள் கலவையாக இருக்கும் இடத்தில் ஸ்கேலர் உள்ள ரிசீவருக்குத் தரும் கூடுதல் விலை வீணாகாது.

மானிட்டரை அணைத்து ஆன் செய்தால் விண்டோக்கள் எல்லாம் வேறு திரைக்குத் தாவிவிடுகின்றன.

மானிட்டர் அணைந்ததும் ஹாட் பிளக் இறங்குகிறது. திரையையே பிடுங்கிவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்து, அதிலிருந்தவற்றை எல்லாம் மிச்சமுள்ள திரைக்கு அள்ளிப்போடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களில் இந்தப் புகார் அதிகம். பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் கேவிஎம் எக்ஸ்டெண்டரிலும் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இதேதான். நகல் முறையோ நிலை முறையோ ஹாட் பிளக்கையும் விடாமல் தூக்கிப் பிடிக்குமா என்று கையேட்டில் பாருங்கள். பிடிக்காத மாடல் என்றால், டிரான்ஸ்மிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் திரைக்குப் பதிலாகப் பட்டியலைத் தரும், தீப்பெட்டி அளவுள்ள ஈடிஐடி எமுலேட்டர் ஒன்றைச் செருகினால் போதும்.

ஒரு பக்க விளைவு உண்டு. நகலில் திரையின் சென்டிமீட்டர் அளவும் இருப்பதால், 24 அங்குல மானிட்டரின் நகலை வைத்துக்கொண்டு 65 அங்குல டிவியை மாட்டினால், எழுத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்ற விண்டோஸின் கணிப்பு தவறும். அமைப்பில் கையால் மாற்றிவிடுங்கள்.

படம் வருகிறது, ஒலி இல்லை. அல்லது படம் பச்சையும் ரோஜா நிறமுமாக வருகிறது.

இரண்டும் ஒரே நோயின் இரு பக்கங்கள். 'நான் எச்டிஎம்ஐ கருவி' என்ற குறிப்பு பட்டியலின் இரண்டாம் துண்டில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் சோர்ஸ் எதிரில் உள்ளதை டிவிஐ என்று முடிவு செய்து, ஒலியில்லாத படத்தை அனுப்பும். நேர்மாறாக, எக்ஸ்டெண்டரின் நிலைப் பட்டியல் எச்டிஎம்ஐ என்று சொல்ல, மறுமுனையில் இருப்பது டிவிஐ மானிட்டர் என்றால், சோர்ஸ் ஒளி, நிறம் எனப் பிரித்த சிக்னலை அனுப்பும். மானிட்டர் அதை சிவப்பு, பச்சை, நீலம் என்று வாசித்து அந்தக் கோரத்தைக் காட்டும். டிவிஐ நிலைக்கு மாற்றினால் தீரும்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று சோதனைகள், இதே வரிசையில். முதலில் சோர்ஸை 2 மீட்டர் கேபிளில் திரையோடு நேராக இணைத்து, ஈடிஐடியைச் சேமியுங்கள். விண்டோஸில் சிஆர்யூ என்ற கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி இலவசம். லினக்ஸில், திரைகளைக் கவனிக்கும் டிஆர்எம் அமைப்பின் கோப்புறையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஈடிஐடி கோப்பு இருக்கிறது. படித்தால் 128இன் மடங்காகப் பைட்டுகள் வர வேண்டும். அடுத்து எக்ஸ்டெண்டர் பெட்டிகள் இரண்டையும் மேசை மேல் வைத்து, 1 மீட்டர் பேட்ச் கேபிளால் இணைத்து மறுபடி சேமியுங்கள். கடைசியாக, சுவருக்குள் போகும் நீள கேபிளோடு.

முதல் இரண்டு பதிவுகளும் வேறுபட்டால், வித்தியாசம் எக்ஸ்டெண்டரின் முறை அமைப்பு. ஒன்றாக இருந்து மூன்றாவது மட்டும் வேறானால் அல்லது காலியானால், கேபிளில் டிடிசி சாகிறது. மூன்றும் ஒன்றாக இருந்தும் படம் மின்னினால், புள்ளி புள்ளியாக வந்தால், பட்டியலில் குற்றமில்லை. பாதைக்கு மூச்சு போதவில்லை. 1080பிக்கு இறக்கிப் பாருங்கள்.

விண்டோஸின் மேம்பட்ட டிஸ்ப்ளே பக்கத்தில் இரண்டு எண்கள் இருப்பதையும் கவனியுங்கள். டெஸ்க்டாப் மோட் என்பது நீங்கள் பார்க்கும் அளவு, ஆக்டிவ் சிக்னல் மோட் என்பது கேபிளில் உண்மையில் போகும் அளவு. கிராஃபிக்ஸ் கார்டு படத்தை அளவு மாற்றி அனுப்பும்போது இரண்டும் வேறாகும். எக்ஸ்டெண்டருக்கு முக்கியம் இரண்டாவது.

பட்டியலைப் பொருட்படுத்தாமல் சாஃப்ட்வேரிலேயே ரெசல்யூஷனைக் கட்டாயப்படுத்தினால் என்ன?

முடியும். சிஆர்யூ கொண்டு பட்டியலை மாற்றி எழுதலாம்; லினக்ஸ் கெர்னலுக்குச் சேமித்த ஈடிஐடி கோப்பைப் பூட் ஆகும்போதே கொடுக்கலாம்; என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகளில் கோப்பிலிருந்து ஏற்றும் வசதி டிரைவரிலேயே உண்டு. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் மாற்றம் அந்தக் கம்ப்யூட்டரோடு போய்விடும். நாளை வேறு கம்ப்யூட்டரை மாட்டுபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எக்ஸ்டெண்டரிலேயே சரிசெய்ய முடிந்தால் அங்கேயே செய்யுங்கள்.

ஈடிஐடி சரியாக இருந்தும் பிளேயரில் மட்டும் கறுப்பு அல்லது பனிப்புள்ளி. மெனு வருகிறது, படம் வரவில்லை.

அது எச்டிசிபி எனும் நகல் தடுப்பு. அதே டிடிசி கம்பியில், வேறு முகவரியில் நடக்கும் உரையாடல். ஈடிஐடிபோல நகலெடுத்து வைக்க முடியாது; இரு முனையும் உயிரோடு பதில் சொல்ல வேண்டும். 4கே படங்களுக்குப் பொதுவாக 2.2 கேட்பார்கள். பாதையில் ஒரே ஒரு பெட்டி 1.4ஆக இருந்தாலும் போதும், நின்றுவிடும்.

கேபிள் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

முழுச் செம்பில், ஒற்றைக் கம்பியாக இழுத்த 23 ஏடபிள்யூஜி தடிமனுள்ள கேட் 6. 4கேக்கு ஷீல்டு உள்ள கேட் 6ஏ. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை, விலை எவ்வளவு குறைந்தாலும், தொடாதீர்கள். இரு முனையும் ஒரே டி568பி கம்பி வரிசையில் இருக்கட்டும். நடுவில் பேட்ச் பேனல், கப்ளர் குறையக் குறைய நல்லது. எச்டிபேஸ்டி கேபிளை நெட்வொர்க் சுவிட்சில் செருகக் கூடாது. பிளக் ஒன்றுதான், மொழி வேறு. பெட்டியின் மேல் எழுதிய தூரம் பெரும்பாலும் 1080பிக்கு உரியது: 70 மீட்டர் என்று போட்டிருக்கும் பெட்டி 4கேயில் 40 மீட்டருக்குள் அடங்கிவிடுவது வழக்கம். மிச்ச கேபிளை இறுக்கமான வளையமாகச் சுற்றி ஃபால்ஸ் சீலிங்கில் போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம், வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளுக்குத் திசை உண்டு. சோர்ஸ் முனை, டிஸ்ப்ளே முனை என்று தலைகளில் எழுதியிருக்கும். குழாய்க்குள் இழுத்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இழுக்கும் முன் பார்ப்பது எளிது.

பழைய விஜிஏ எக்ஸ்டெண்டருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பட்டியல் விஷயம் பொருந்தும்: அங்கே டிடிசி 12, 15ஆம் பின்கள். மலிவான பலவற்றில் அந்த இரண்டு பின்களும் மறுமுனைக்குப் போவதே இல்லை, ரெசல்யூஷனைக் கையால்தான் வைக்க வேண்டும். எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழல்போல விலகித் தெரிந்தால் அது ஈடிஐடி அல்ல. கேட் கேபிளின் நான்கு ஜோடிகளும் வேறு வேறு முறுக்கில் இருப்பதால் நீளம் சற்றே மாறுகிறது, மூன்று நிறங்களும் முன்பின்னாக வந்து சேர்கின்றன. ரிசீவரில் இதைச் சரிசெய்யும் ஸ்கியூ திருகு இருந்தால், வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கறுப்புச் செங்குத்துக் கோடுகளைக் காட்டி, மூன்றும் ஒன்றாகும்வரை திருப்புங்கள்.